விருந்தாளிக்குக் காட்டாத பிள்ளைகள்

1

கோவில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். கையெழுத்து கோணலாக இருக்கும். தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி எழுதலாம். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பீங்கான் கோப்பையில் ஆரம்பிக்கிறேன்.

கோப்பைகள் தவமணி அக்காவுடையவை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு மேல் மாடி. ஒரு சனிக்கிழமை காலையில் கோப்பைகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்து என் மேஜையில் அடுக்கினார். பூப்போட்டது. தங்க விளிம்பு. அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியை விட்டு அவை வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"வாறவ வெள்ளைக்காரி. உங்கட எவர்சில்வர் டம்ளரில தேத்தண்ணி குடுக்கேலாது" என்றார்.

பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தரையில் மூன்று பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தன. ஒன்று மெத்தையில் தூங்கியது. ஒன்று ரீட்டாவின் இடுப்பில். ரீட்டா என் மகள். பதின்மூன்று வயது. மற்றதெல்லாம் கட்டடத்துப் பிள்ளைகள். தாய்மார் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"பிலோ, இந்தப் பிள்ளையளைக் கொஞ்ச நேரம் ரீட்டாவோட பார்க்குக்கு அனுப்பி விடுங்கோவன். வீடு வடிவா இருக்கும்."

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். வேறு ஊரில், வேறு வாயில்.

"இல்லக்கா. புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"என்ன பிலோ, பகிடியோ? அவ வந்து இந்தச் சந்தையையோ பாக்கிறது?"

"இதத்தான் பாக்கணும்."

2

நாங்கள் கனடா வந்த கதை பெரிதல்ல. வீட்டுக்காரர் வின்சென்ட், அம்பத்தூரில் வெல்டிங் செய்தவர். குவைத் போனார். அங்கிருந்து இங்கே. ரீட்டா கைக்குழந்தையாக இருந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டார்.

வந்த முதல் வாரமே ஆபீசில் பெயரைக் குழப்பிவிட்டார்கள். குடும்பப் பெயர் என்ன என்றார்கள். நமக்கு ஏது அது? இனிஷியலை விரித்துச் சொன்னேன். அப்பா பெயர். அதையே எனக்கு வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில், ரேஷன் மாதிரி ஏதோ கொடுக்கிற இடத்தில், பஸ் பாஸ் ஆபீசில் எல்லாம் "மிஸஸ் அந்தோணிசாமி" என்று கூப்பிடுகிறார்கள். அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஆவடியைத் தாண்டாத மனிதர். இங்கே தினம் பஸ் ஏறுகிறார்.

வின்சென்டுக்கு இரவு வேலை. பகலில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நாலு மணிக்கு ஆபீஸ் துடைக்கப் போவேன். தாய்மார் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். இடையில் ரீட்டா.

போன வருஷம் ரீட்டா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். நீச்சல் குழுவில் அவளை எடுத்திருக்கிறார்களாம். செவ்வாய், வியாழன் சாயங்காலம். கையெழுத்துப் போடு என்றாள்.

"சாயங்காலம் புள்ளைங்கள யார் பாக்கறது?" என்றேன்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை. ரீட்டா சண்டை போடமாட்டாள். அது எனக்கு அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது.

ஸ்விம்மிங் என்ற வார்த்தை அப்படித்தான் எனக்குத் தெரியும்.

3

எங்கள் காலனி நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால். கூரை வீடுகள். நடுவில் சின்ன மாதா கோவில். பொம்பளைகள் எல்லோருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. சின்னச் சின்னப் பட்டறைகள். இரும்புச் சாமானில் பிசிறு தட்டுவது, டப்பாவில் அடைப்பது. காலையில் ரயில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவார்கள்.

கைக்குழந்தையை யார் பார்ப்பது? வீட்டில் மூத்த பெண் பார்ப்பாள். காலனியில் ஐந்தாவது முடித்த பெண்ணுக்கு ஆறாவது கிடையாது. இடுப்பில் ஒரு பிள்ளை வந்துவிடும். எனக்கு வந்தது என் தங்கை ஸ்டெல்லா. அவள் வளர்ந்ததும் நான் எஸ்டேட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா ஐந்தாவது முடித்த கோடையில் அவள் இடுப்புக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது.

இது யாருக்கும் குறையாகப் படவில்லை. மழை பெய்கிற மாதிரி அது ஒரு நடப்பு.

எண்பதுகளில் ஒரு சிஸ்டர் காலனிக்கு வர ஆரம்பித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்களை உட்கார வைத்துப் பேசுவார். மாதர் சங்கம் ஆரம்பித்தார். ரோஸ்மேரி அக்காதான் தலைவி. குரல் பெரிது. எஸ்டேட்டில் சூப்பர்வைசரே அவரை "அக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு நாள் சிஸ்டர் சொன்னார். வெளிநாட்டில் ஒரு அறக்கட்டளை பணம் தருகிறது. புராஜெக்ட் எழுதிப் போடலாம். உங்களுக்கு என்ன வேண்டும்?

"அடி பம்பு" என்றார் ஒருவர்.

"ரோடு."

"கோவிலுக்கு மணி."

சிஸ்டர் தலையை ஆட்டினார். "இந்தப் பணம் பம்புக்கு இல்ல. பம்பு ரிப்பேர் ஆனா பழையபடி ஆயிடும். ஒரு விஷயம் மாறணும். மாறினது திரும்பப் பழசாகக் கூடாது. அதுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் கூட நிப்பாங்க."

"எத்தினி வருசம் சிஸ்டர்?"

"ஆறு, ஏழு."

ரோஸ்மேரி அக்கா சிரித்தார். "ஏழு வருசமா? அதுக்குள்ள ரெண்டு எலக்சன் வந்துட்டு பூடும். அவங்களே ஒரு பம்பு வெச்சிடுவாங்க."

சிரிப்பு அடங்கினதும் சிஸ்டர் கேட்டார். "இங்க பொண்ணுங்க ஏன் ஐந்தாவதோட நிக்குறாங்க?"

கடைசியில் எங்கம்மாதான் சொன்னாள். "நாங்க வேலைக்குப் போனா கைப்புள்ளய யாரு தூக்கறது சிஸ்டர்?"

சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். காலனியிலேயே ஒரு பிள்ளைக் காப்பகம். வயசான பொம்பளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஆயாவாக வைப்பது. முதலில் அறக்கட்டளை சம்பளம் தரும். பிறகு எஸ்டேட்டுப் பட்டறைக்காரர்களிடம் பேசி அவர்களையும் பங்கு போட வைப்பது. கடைசியில் சங்கமே நடத்துவது. பொண்ணுங்க ஆறாவதுக்குப் போவார்கள்.

வாராவாரம் எழுதினார். எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் பத்து வருஷம் கழித்து என்ன மாறியிருக்கும் என்று கேட்டிருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பத்து வருசம் கயிச்சி யாரு இருப்பா, யாரு பூடுவா. ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார் ரோஸ்மேரி அக்கா.

சிஸ்டர் தானாகவே எழுதினார். 'இந்தக் காலனியில் எந்தப் பெண்ணும் பிள்ளை தூக்குவதற்காகப் பள்ளிக்கூடத்தை விடமாட்டாள்.'

அம்மா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா கோவில் வாசலில் நின்றிருந்தாள். இடுப்புப் பிள்ளை அவள் காதுத் தொங்கட்டானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

4

அறக்கட்டளையிலிருந்து ஒரு துரை நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சிஸ்டர் மெட்ராசுக்குப் போய் அவரைக் கூட்டி வரவேண்டும். போகும்போது ஒன்றுதான் சொன்னார். "எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல எப்படி இருப்பது? விருந்தாளி வருகிறார். கடல் தாண்டி வருகிறார். நம் ஊரில் யார் அழுக்குப் பாயில் விருந்தாளியை உட்கார வைப்பார்கள்? வருகிறவர் முகத்தைப் பார்த்து நம் கஷ்டத்தைச் சொல்வார்களா? எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கிறேன் என்றுதானே சொல்லுவோம்.

ரோஸ்மேரி அக்கா சங்கத்தைக் கூட்டினார். "தொர வர்றாரு. நம்ம மானம் அவுரு கண்ணுல கீது. அவங்கவங்க ஊட்டுல நல்லதா இன்னா கீதோ எடுத்துகினு வாங்க."

யார் வீட்டிலும் நல்லதாக ஒன்றும் இல்லை. அதனால் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போனோம். எங்கள் மாமாவுக்கு அங்கே வேலை. அவர் லைனில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மடக்கு நாற்காலி கிடைத்தது. பூப்போட்ட பெட்ஷீட் கிடைத்தது. கண்ணாடி டம்ளர் கிடைத்தது. நாகர்கோவில்கார அம்மா ஒருவர் டேபிள் ஃபேனைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க காலனியிலதான் கரண்டு கிடையாதே. ஃபேன் எதுக்கு மக்கா?"

"சும்மா நிக்கட்டும்மா. அத்தப் பாத்தாலே காத்து வர்ற மாதிரி இருக்கும்" என்றார் ரோஸ்மேரி அக்கா.

ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நாற்காலிகளுக்கு நடுவில் நான் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருமையாக இருந்தது.

காலையில் காலனியைப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். ரோஸ்மேரி அக்கா தன் முட்டைக் கோழியை அடித்துக் குழம்பு வைத்தார். எல்லோரும் கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டினார்கள். காலனி நிஜமாகவே அழகாகிவிட்டது. ஒன்றுதான் பொருந்தவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு, அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, பெண்களின் இடுப்பிலும் காலடியிலும் பிள்ளைகள்.

"அடியே பிலோ. இந்த வாண்டுங்கள எல்லாம் ஓட்டிகினு கேட்டாண்ட போயி குந்து. தொர போனப்புறம் வந்தா போதும். ஸ்டெல்லா, நீயும் போடி. பொட்டப்புள்ளைங்க எல்லாம் போங்க."

எந்தப் பிள்ளைகளுக்காகப் புராஜெக்ட் எழுதினோமோ, எந்தப் பெண்களுக்காக எழுதினோமோ, அவர்களைக் காலனியை விட்டு வெளியே அனுப்பினோம். யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

உள்ளே நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். துரை உயரமாம். நல்ல மனிதராம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாராம். கையால் சாப்பிட்டாராம். சிஸ்டர் நாற்காலிகளைப் பார்த்து முகம் வெளுத்துப்போனாராம். ஆனால் மாலை போடும்போது என்ன செய்வது? துரைக்கு வியர்த்து ஊற்றியதாம். ஃபேனைப் பார்த்தாராம். உடனே ரோஸ்மேரி அக்கா, "கரண்டு கட்டு தொர. இந்த ஈபிகாரனுங்களே இப்படித்தான், பேஜாரு" என்றாராம்.

துரை எல்லோரையும் பார்த்து, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டாராம்.

"ஒரு குறையும் இல்ல தொர. மாதா புண்ணியத்துல நல்லாக்கீறோம்."

5

கேட் என்றது ரயில்வே கேட். அதன் பக்கத்தில் வேலிக்காத்தான் புதர். அந்த நிழலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில். இரண்டு பிள்ளை அழுதது. மற்றவை அதைப் பார்த்து அழுதன.

காலனியிலிருந்து அம்பாசடர் கார் வந்தது. கேட் போட்டிருந்தான். கார் நின்றது. காரைக் கண்டதும் பிள்ளைகள் புதரை விட்டு ஓடிவிட்டன. நான் பிடிப்பதற்குள் காரைச் சுற்றி நின்றன. துரை கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் சிஸ்டர் இறங்கினார்.

ஸ்டெல்லா என் பக்கத்தில் இருந்தாள். இடுப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பாள். அப்படியே நின்றாள். துரை அவளிடம் வந்து ஏதோ கேட்டார். சிஸ்டர் தமிழில் சொன்னார்.

"ஸ்கூலுக்குப் போறியான்னு ஐயா கேக்கறார்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பிறகு துரையின் சட்டைப் பித்தானைப் பார்த்தாள்.

"போறேன்."

"எத்தனாவது?"

"ஆறாவது."

சிஸ்டர் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கி?"

"லீவு" என்றாள் ஸ்டெல்லா. காது மடல் சிவந்திருந்தது. பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று அவர் நினைத்தார். அவர் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். ரயில் போயிற்று. அந்தச் சத்தத்தில் சிஸ்டர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். ஸ்டெல்லா சொன்னதை அப்படியே சொன்னார். துரை முகம் மலர்ந்ததிலிருந்து தெரிந்தது. அவள் தலையைத் தடவிப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். கேட் திறந்தது. போய்விட்டார்கள்.

பேனாவை இடுப்புப் பிள்ளை பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

6

பதில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டர் வாசித்தார். நின்றுகொண்டே வாசித்தார்.

காலனியின் சுத்தத்தையும் ஒற்றுமையையும் கண்டு துரை சந்தோஷப்பட்டார். மின்சார வசதி கண்டு சந்தோஷப்பட்டார். பெண் பிள்ளைகள் உயர்வகுப்பில் படிப்பது அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டார். இங்கே மாற்றம் வந்துவிட்டது. எங்கள் பணம் மாற்றம் இன்னும் ஆரம்பிக்காத ஊருக்குப் போகவேண்டும். வாழ்த்துகள்.

ரோஸ்மேரி அக்கா முதலில் கை தட்டினார். "பாத்திங்களாடி? தொர வாயாலயே சொல்லிட்டாரு. நாம முன்னுக்கு வந்துட்டோம்."

பெண்கள் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். கோவில் முழுக்கக் கைத்தட்டல். சிஸ்டர் மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைத்தட்டல் ஓய்ந்ததும் அம்மா கேட்டாள்.

"அப்ப ஸ்டெல்லா?"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ரோஸ்மேரி அக்கா முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் போகும்போது நான் கூட நடந்தேன். "நான் அன்னிக்கி சொல்லியிருக்கணும் பிலோ. அந்தப் புள்ள முகத்தப் பாத்தேன். அதுக்கு மேல வாய் வரல" என்றார். கொஞ்ச நாளில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டாம் தரம் யாரும் புராஜெக்ட் எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது?

7

இனிமேல் இந்த ஊர். அந்தச் சனிக்கிழமை.

எங்கள் கட்டடத்துக்கும் அதேபோல ஒரு பணம் இருக்கிறது என்று தவமணி அக்கா கேள்விப்பட்டு வந்தார். இங்கே அதை கிராண்ட் என்கிறார்கள். இதுவும் ஒருதரம் கொடுத்துவிட்டுப் போகிற பணம் இல்லை. வருஷக்கணக்கில் கூடவே நிற்கிற பணம். கீழ்த்தளத்தில் ஒரு அறை. சம்பளத்துக்கு ஆள் போட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பது. பக்கத்து அறையில் தாய்மார்களுக்கு இங்கிலீஷ். நாள்பட நாங்களே நடத்துவது. அக்காவின் மகன் காலேஜில் படிக்கிறான். அவன் எழுதிப் போட்டான். நேரில் பார்க்க ஆள் வருகிறது என்றார்கள்.

வந்தது சின்னப் பெண். ஜீன்ஸ். வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். தரையில் கிடந்த பிள்ளைகளைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். தவமணி அக்கா தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். அந்த ஒன்றை நான் தடுக்கவில்லை.

அவள் கேட்டாள். ரீட்டா தமிழில் சொன்னாள். நான் சொன்னேன். ரீட்டா திருப்பிச் சொன்னாள். எத்தனை பிள்ளைகள், யார் யாருடையது, தாய்மார்களுக்கு எங்கே வேலை. உள்ளதைச் சொன்னேன். என் படிப்பைக் கேட்டாள். ரீட்டா என் பக்கம் குனிந்து, "அம்மா, ஹைஸ்கூல்னு சொல்லட்டா?" என்றாள்.

"அஞ்சாவதுன்னு சொல்லு."

சொன்னாள். சொல்லும்போது சுவரைப் பார்த்தாள். எனக்கும் கூசத்தான் செய்தது. ஆனால் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். மறைக்கவில்லை, பிள்ளைகளை ஓட்டவில்லை. பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். ரீட்டா அதைத் தமிழில் சொல்லவில்லை. தானே பதில் சொன்னாள். வேகமாகச் சொன்னாள். என் காதில் இரண்டு வார்த்தை விழுந்தது. மாம். ஸ்விம்மிங்.

என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு மணிக்கு மேல் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்? அம்மா பார்க்கிறார்கள். நான் ஸ்விம்மிங் போகிறேன்.

ரீட்டாவின் காது மடலைப் பார்த்தேன். சிவந்திருந்தது. இடுப்பில் பிள்ளை.

சும்மா இருந்திருக்கலாம். அவள் இந்த ஊர்ப் பெண். அந்த வெள்ளைக்காரப் பெண் மாதிரி ஜீன்ஸ் போடுகிறவள். அவள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"நோ ஸ்விம்மிங்" என்றேன். "ஷி, பேபி. எவ்ரி டே."

அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். தவமணி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஓம். யெஸ். எவ்ரி டே. மை பேரப்பிள்ளை ஆல்சோ" என்றார்.

ரீட்டா பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்தப் பெண் ரீட்டாவிடம் ஏதோ தணிந்து சொன்னாள். கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டாள். ரீட்டாவின் தமிழ் அப்போது உடைந்து உடைந்து வந்தது. பத்து வருஷம் கழிச்சு இங்க என்ன மாறியிருக்கணும்?

சிஸ்டர் எழுதினது எனக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்.

"எந்தப் பொண்ணும் அடுத்தவங்க புள்ளயத் தூக்கிகினு தன் சாயங்காலத்த விடக் கூடாது."

இதையும் ரீட்டாதான் சொல்லவேண்டும். வேறு ஆள் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

8

பணம் வந்தது. அறை திறந்தார்கள். ரீட்டா செவ்வாய், வியாழன் நீந்தப் போகிறாள். ஈரத் துண்டை நாற்காலி மேல் போடுகிறாள். நான் எடுத்துக் காயவைக்கிறேன்.

என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு நாள்தான் கேட்டாள். "அவங்க முன்னாடி ஏன் சொன்னே? எனக்கு எவ்ளோ எம்பாரஸிங்கா இருந்துச்சு தெரியுமா?"

அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. வின்சென்டைக் கேட்டேன். "வெக்கம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெக்கத்தோட அவமானமும்" என்றார். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

தெரியுமா என்று என்னைக் கேட்கிறாள்.

பணம் வந்ததிலும் எனக்கு வெட்கம் இருக்கிறது. நெமிலிச்சேரிக்கு வராதது இங்கே வந்தது. இந்தக் கட்டடத்தில் சுடுதண்ணீர் குழாயில் வருகிறது. கரண்ட் கட்டே கிடையாது. இதை ஸ்டெல்லாவுக்கு எப்படிச் சொல்வது என்று நாள் கடத்தினேன்.

ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் கேசட்தான். ஐந்தாவது வரை படித்தது மறந்து, அவளுக்கு எழுத வராது. இரண்டு மாசத்துக்கு ஒருதரம் பேசி அனுப்புவோம். அவளும் எஸ்டேட்டுக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று, மூன்று பிள்ளைகள். அதே காலனி. இப்போது சிமெண்ட் வீடு. கரண்ட் இருக்கிறது.

ஒரு வழியாகப் பேசி அனுப்பினேன். கோப்பை, பிள்ளைகள், ஸ்விம்மிங், எல்லாம். அவள் பதில் போன வாரம் வந்தது. வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"இன்னாக்கா, நல்லாக்கீறியா? மச்சான் நல்லாக்கீறாரா? அடிப்பாவி, வயசுக்கு வந்த பொண்ண வெள்ளக்காரி முன்னாடி இப்படியா அசிங்கப்படுத்துவ? உனுக்கு அறிவு கீதா?"

சிரித்தாள். சின்ன வயசுச் சிரிப்புதான்.

"கேட்டாண்ட அன்னிக்கி தொர கேட்டாரே. ஆறாவதுன்னு சொன்னேன் பாரு. அந்த ஒரு நாளுதான்க்கா நான் ஆறாவது படிச்சேன். லீவு வேற. அன்னிக்கி நீ வாயத் தொறந்திருந்தன்னு வெச்சிக்க, உன்ன ரயிலாண்ட தள்ளிவுட்டிருப்பேன்."

கேசட்டில் பின்னால் ரயில் போகிற சத்தம். போய் முடிகிற வரைக்கும் அவள் பேசவில்லை.

"சொல்லியிருக்கலாம்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் கதை, மாவு மெஷின் கதை. நான் கேட்கவில்லை. திரும்பினால் ரீட்டா வாசலில் நின்றிருந்தாள். தலை ஈரம். எப்போது வந்தாள் தெரியாது.

"யாரு அது?"

"உன் சித்தி."

"என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் புரியல. ரொம்ப ஃபாஸ்டா பேசறாங்க."

நல்லா இருக்கியான்னு கேக்கறா என்று சொல்லிவிட்டிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முழுவதும் சொன்னேன். ஃபேன், கேட், துரை, ஆறாவது, பேனா. சித்தி சிரித்துச் சொன்னதையும் சொன்னேன். கடைசியில் சொன்னதையும் சொன்னேன்.

ரீட்டா துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப்பை அவளே பின்னால் ஓட்டினாள்.